மேசை ஒன்று, திசை இரண்டு

கடந்த மழைக்காலத்தில் எங்கள் அடுக்ககத்தின் ஏழாம் தளத்தில் ஒரு வீட்டுக்கு மரவேலை நடந்தது. ஹிஞ்சேவாடியில் இது ஒரு செய்தியே அன்று. ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சுற்றி, மாண், மாருஞ்சி, வாகட் என எப்பக்கம் திரும்பினாலும் புதிய அடுக்ககங்கள் எழுகின்றன. சாவி கைக்கு வந்த மறுவாரமே ஒட்டுப்பலகைகள் மின்தூக்கியில் ஏறத் தொடங்கிவிடும். பகல் முழுதும் ரம்பத்தின் ஓலம் கேட்கும். நாம் சன்னலைச் சாத்திக்கொண்டு இணையவழிக் கூட்டத்தில் அமர்ந்திருப்போம்.

அதே நாட்களில் என் ஆய்வக நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். மரவேலையை ஓய்வுநேரக் கலையாகப் பழகி வருபவர் அவர். சிறிய மேசை ரம்பம் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் வலப்பக்கத்தில் ஒரு நீட்டிப்புப் பலகை பொருத்தி, அப்பலகையின் அடியில் ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட எண்ணியிருந்தார். வெளிநாட்டுக் காணொளிகளில் வார்ப்பிரும்பில் செய்த அத்தகைய நீட்டிப்புகளைக் கண்டு அவருக்கு ஆசை பிறந்திருந்தது. "இந்தியாவில் இதை யாரேனும் செய்து பார்த்திருக்கிறார்களா?" என்பது அவருடைய கேள்வி.

நான் அவரை ஏழாம் தளத்திற்கு அழைத்துச் சென்றேன். இரண்டு மரக்கால்களின் மேல் ஓர் ஒட்டுப்பலகை கிடந்தது. அதன் நடுவே கையில் பிடித்து அறுக்கும் கட்டர் ஒன்று அடியிலிருந்து தலைகீழாகத் திருகாணியிட்டுப் பூட்டப்பட்டிருந்தது. பலகையில் வெட்டிய பிளவின் வழியே வட்டின் பாதி மட்டும் மேலே தெரிந்தது. வலது ஓரத்தில் மற்றொரு துளை. அதில் ரூட்டரின் உளி எட்டிப் பார்த்தது. இரண்டுக்கும் இடையே, நேராக அறுத்த ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று, இரு பிடிகவ்விகளால் இறுக்கப்பட்டு வழிகாட்டிக் கட்டையாக நின்றது. நண்பர் காணொளியில் கண்ட அதே அமைப்புத்தான். தயாரித்த நிறுவனமும் விலைச்சீட்டும் மட்டுமே இல்லை.

இப்பதிவின் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரம்பத்தையும் ரூட்டரையும் ஒரே மேசையில் இணைப்பது இடத்தைச் சேமிக்கும் நல்ல உத்தி. ஆயினும் அது இரண்டு இயந்திரங்களின் ஆபத்துகளை ஒரே பரப்பில் கொண்டுவந்து சேர்க்கிறது. அவ்வாபத்துகளைத் தடுக்கும் சிறு உறுப்புகள் கடையில் வாங்கும் இயந்திரத்தில் இருக்கின்றன. நம் வீடுகளில் வேலை செய்யும் தச்சரின் மேசையில் இல்லை. அவற்றை அந்த மேசைக்கேற்ப வடிவமைப்பது பொறியியல் கல்விக்கூடங்களின் வேலை. அதை நாம் செய்யவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டில் நானும் அடக்கம்.

முதலில் இந்த இணைப்பின் நியாயத்தைப் பார்ப்போம். தனி ரூட்டர் மேசைக்கு ஒரு தட்டையான பரப்பு, நேரான வழிகாட்டிக் கட்டை, தாங்கும் கால்கள் ஆகியன வேண்டும். மேசை ரம்பத்தில் இவை மூன்றும் ஏற்கெனவே உள்ளன. வட்டின் வலப்பக்கப் பரப்போ அகலமான பலகையை அறுக்கும்போது தவிர வெறுமனே கிடக்கிறது. அங்கே ரூட்டரைப் பொருத்தினால் ஒரே கட்டை இரு முகமாகப் பயன்படும்: இடமுகம் ரம்பத்திற்கு, வலமுகம் ரூட்டருக்கு. தூள் உறிஞ்சும் குழாயும் ஒன்றே போதும். ஒரு படுக்கையறையின் பாதிதான் பணிமனை என்னும் நிலையில் இந்தக் கணக்கு மறுக்க முடியாதது. நாளைக்கு வேறொரு வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டிய தச்சருக்கோ அது இன்னும் வலுவான கணக்கு.

இனி அதன் விலையைப் பார்ப்போம்.

மேசை ரம்பத்தில் நிற்பவர் மரத்தைத் தம்மிடமிருந்து அப்பால், அதாவது முன்னிருந்து பின்னாகத் தள்ளுகிறார். எதிர்கொள்ளும் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால், மேலிருந்து பார்க்கும்போது அதன் உளி இடஞ்சுழியாகச் சுழலும். மேசையின் வலது ஓரத்தில் நின்று, கட்டையை எதிரே வைத்துக்கொண்டு வேலை செய்பவர் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் உளியின் சுழற்சியை மரம் எதிர்க்கும். கட்டையோடும் ஒட்டி நிற்கும். இதை ரம்பத்தின் முன்னால் நிற்பவரின் பார்வையில் சொன்னால், மரம் பின்னிருந்து முன்னாக வர வேண்டும். ஒரே மேசை, ஒரே கட்டை. ஆனால் அதன் ஒரு முகத்தில் மரம் செல்லும் திசைக்கு மறுமுகத்தில் செல்லும் திசை நேர் எதிர்.

நாளெல்லாம் ரம்பத்தில் அறுத்துப் பழகிய கை, மாலையில் களைப்போடு ரூட்டர் பக்கம் வரும்போது பழைய திசையிலேயே தள்ளிவிடக்கூடும். அப்படித் தள்ளினால் உளி மரத்தைப் பற்றி இழுத்து முன்னே எறியும். மரத்தைப் பிடித்திருந்த கை உளியை நோக்கிப் போகும். உளிக்கும் கட்டைக்கும் இடையே மரத்தைச் செலுத்துவது இதைவிடக் கொடியது. அங்கே வெட்டு உளியின் மறுபக்கத்தில் நிகழ்வதால், வழக்கமான திசையே தவறான திசையாகிவிடும். தனித்தனி மேசைகள் இருந்தால் உடல் இடம் மாறும். அதனோடு மனமும் மாறும். ஒரே மேசையில் அந்த எச்சரிக்கை இல்லாமல் போகிறது. மேசையின் மீது வண்ணத்தில் வரைந்த இரண்டு அம்புக்குறிகள் இதற்குப் பாதி மருந்து. செலவு ஒரு ரூபாய்கூட இராது.

அடுத்தது மேசையின் தொய்வு. ரூட்டர் சில கிலோ எடை கொண்டது. நீட்டிப்புப் பலகையின் நடுவே தொங்குகிறது. பலகை அரை மில்லிமீட்டர் தொய்ந்தாலும் வெட்டின் ஆழம் மாறும். நீண்ட மரம் செலுத்தகட்டின் விளிம்பில் தட்டி நிற்கும். தட்டி நின்ற மரத்தைக் கை மேலும் அழுத்தித் தள்ளும். இங்கே நம் முதலாண்டு வகுப்புப் பாடம் நேரடியாகப் பயன்படும். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. 19 மி.மீ. பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கினால் விறைப்பு இருமடங்காகும். முழுப் பரப்பிலும் பசையிட்டு ஒட்டினால் எட்டு மடங்காகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு டப்பாப் பசை. ஏழாம் தளத்துத் தச்சருக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் அவர் பலகையின் அடியில் இரண்டு ரீப்பர்களைக் குறுக்கே ஒட்டித் திருகாணியும் இட்டிருந்தார். கை அறிந்திருந்தது.

மூன்றாவது, விசை. தச்சரின் கட்டர் கையில் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. விரலை எடுத்தால் நின்றுவிடும் என்பதே அதன் பாதுகாப்பு. மேசைக்கு அடியில் பூட்டியவுடன் அப்பாதுகாப்பு பறிபோகிறது. விசையின் பூட்டுப் பொத்தானை அழுத்தியோ, ஒட்டுநாடா சுற்றியோ நிரந்தரமாக ஓடும் நிலையில் வைத்துவிடுகிறார்கள். பிறகு சுவரிலுள்ள பொத்தானே விசை. மின்தடை ஏற்பட்டு, வட்டில் சிக்கிய துண்டை ஒருவர் அகற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பினால், வட்டு யாரையும் கேளாமல் சுழலத் தொடங்கும். கடையில் விற்கும் தரமான மேசை ரம்பங்களில், மின்சாரம் போய் வந்தால் பொத்தானை மீண்டும் அழுத்தினாலொழிய ஓடாத விசை உண்டு. அது தனியாகவும் கிடைக்கும் பொருள்தான்.

நான்காவது, வட்டின் பின்னே நிற்க வேண்டிய தகடு. அறுபட்ட மரத்தின் இரு பாதிகளும் மீண்டும் நெருங்கி வட்டைக் கவ்வாமல் காப்பது அது. ரைவிங் நைஃப் என்று தொழிலில் சொல்வார்கள். தேக்கு போன்ற திண்மரத்தில் உள்ளிறுக்கம் அவிழ்வதால் பிளவு மூடிக்கொள்ளும். ஒட்டுப்பலகையிலோ துண்டு சற்றே திரும்பி வட்டின் பின்பற்களில் படுவதே காரணமாகும். எதுவாயினும் விளைவு ஒன்று: பின்பற்கள் மேல்நோக்கி எழுபவை, மரத்தைத் தூக்கி, நிற்பவரை நோக்கி வீசும். 110 மி.மீ. வட்டு நிமிடத்திற்கு 12,000 முறை சுழல்கிறது என்று கொண்டால் அதன் விளிம்பு வேகம் வினாடிக்குச் சுமார் 69 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 250 கி.மீ. பெரிய மேசை ரம்பத்தின் பத்து அங்குல வட்டு 4,000 சுழற்சியில் வினாடிக்குச் சுமார் 53 மீட்டரைத்தான் எட்டும். சிறிய வட்டு என்பதால் ஆபத்தும் சிறிது என்று நினைப்பவர்கள் இக்கணக்கை ஒருமுறை தாமே போட்டுப் பார்க்கட்டும்.

நம் சட்டத்திற்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. அதன் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் மரவேலை இயந்திரங்களுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. வட்ட ரம்பத்தின் பின்னே பிளவுத் தகடு, மேலே மூடி, கையைத் தள்ளி வைக்கத் தள்ளுகோல் என்று அது எண்ணிச் சொல்கிறது. ரூட்டரின் மூத்த உறவினமான செங்குத்துச் சுழல் இழைப்பு இயந்திரத்திற்கும் அதில் தனி விதி இருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் தொழிற்சாலை என்பது, மின்னாற்றலோடு இயங்குவதாயின், குறைந்தது 10 பேர் வேலை செய்யும் இடம். 2020 ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 20 ஆக உயர்த்தியது. ஏழாம் தளத்தில் இருந்தவர்கள் மூவர். கட்டடத் தொழிலாளருக்கான 1996 ஆம் ஆண்டுச் சட்டமோ, தம் சொந்தக் குடியிருப்பில் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வேலை செய்விக்கும் தனிநபரைத் தன் வரையறையிலேயே விலக்கி வைத்தது. விதி எழுதப்பட்டிருக்கிறது; அது அடுக்ககத்தின் வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே வருவதில்லை. விதி வராத இடத்தில் விபத்துப் பதிவேடும் இல்லை. பதிவேடு இல்லாத இடத்தில் ஆய்வுத் தலைப்பும் பிறப்பதில்லை.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான வரலாறு உண்டு. அங்கே மேசை ரம்ப வட்டில் கைபட்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வருவோர் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. எண்ணிக்கை இருந்ததால் விவாதம் எழுந்தது. ஸ்டீவ் காஸ் என்ற இயற்பியலாளர் 1999 இல், தோல் பட்டதை மின்னழுத்த மாற்றத்தால் உணர்ந்து, ஐந்து மில்லி வினாடிக்குள் வட்டை நிறுத்தும் அமைப்பை உருவாக்கினார். சாஸ்டாப் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. வியத்தகு கண்டுபிடிப்புத்தான். ஆயினும் அத்தடுப்பு வட்டுக்கு மட்டுமே உரியது. நீட்டிப்பில் தொங்கும் ரூட்டரின் உளியை அது நிறுத்தாது. அதன் விலையும் நம் தச்சரின் கைக்கு எட்டாதது. இறக்குமதி செய்தால் தீரும் சிக்கல் அன்று இது.

என் வாதத்திற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தச்சரே சொன்னார். ராஜஸ்தானிலிருந்து வந்து புணேயில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்பவர். அவருடைய இடக்கைச் சுட்டுவிரலின் நுனிக்கணு இல்லை. "சார், மூடி போட்டால் கோடு தெரியாது. தகடு வைத்தால் காடி எடுக்க முடியாது. ஒரு நாளைக்கு இருபது பலகை அறுக்க வேண்டும். நீங்கள் சதுர அடிக்குத்தானே பணம் தருகிறீர்கள்?" என்றார். இக்கேள்வியின் ஒவ்வொரு பகுதியும் உண்மை. பலகையை முழுதும் ஊடுருவாத காடி வெட்டுக்கு மேல்மூடி இடைஞ்சல்தான். கூலி முறை விரைவுக்கே பரிசளிக்கிறது, விரலுக்கு அன்று.

ஆனால் தகட்டைப் பற்றிய அவருடைய தடைக்குத் தீர்வு உண்டு. வட்டின் உச்சிக்குச் சற்றே தாழ்வாக நிற்கும் தகடு காடி வெட்டைத் தடுக்காது. தலைகீழ்க் கட்டரில் உள்ள உண்மையான சிக்கல் வேறு. அங்கே வட்டின் உயரத்தை மாற்றினால் இயந்திரம்தான் ஏறி இறங்கும்; மேசையோடு பொருத்திய தகடு அசையாது. ஆகவே அது ஒரே உயரத்திற்குத்தான் பொருந்தும். தகட்டின் தடிமனோ வட்டின் உடல் தடிமனைவிடக் குறையாமலும், பற்கள் வெட்டும் அகலத்தைவிட மிகாமலும் இருக்க வேண்டும். வெட்டு அகலம் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெல்லிய வட்டுகளில் இந்த இடைவெளி மிகக் குறைவு. வட்டோடு சேர்ந்து ஏறி இறங்கும், திருகாணி இரண்டில் கழற்றி மாட்டக்கூடிய, எல்லாக் கட்டர்களின் அடித்தட்டிலும் பொருந்தும் தகடு ஒன்றை வடிவமைப்பது எளிதன்று. எளிதன்று என்பதால்தான் அது ஆய்வுக்குரியது. இளநிலை மாணவர் இருவருக்கு ஓராண்டுக்கான திட்டப்பணி இதற்குள் இருக்கிறது.

இத்தகைய வேலைக்கு நம் நாட்டில் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1974 இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டியின் முயற்சியில் அஸ்த்ரா என்ற பிரிவு தொடங்கப்பட்டது. விறகடுப்பை ஆய்வுப் பொருளாக ஏற்றுக்கொள்ள அங்கிருந்தவர்கள் வெட்கப்படவில்லை. வெப்ப இயக்கவியல் தெரிந்தவர்கள் அடுப்பின் முன் குந்தி அமர்ந்தார்கள். நமக்கு இன்னும் அருகில், இதே புணே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில், 1983 இல் கல்பாக் அவர்கள் நிறுவிய விஞ்ஞான் ஆசிரமம் இருக்கிறது. கையால் செய்து கற்பதே அதன் கல்விமுறை. எம்.ஐ.டி.யின் ஃபேப்லேப் முயற்சி அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாக 2002 இல் வேரூன்றிய இடங்களில் அது ஒன்று. ஹிஞ்சேவாடியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவு அது. நம் கல்லூரிகளிலோ ஆண்டுதோறும் அதே ரோபோக் கைகளும் அதே தானியங்கி வண்டிகளும் இறுதியாண்டுத் திட்டங்களாக அடுக்கப்படுகின்றன. ஏழாம் தளத்துக்கு ஏறி வந்து அந்த மேசையை அளந்து பார்த்த மாணவர் எவரும் இல்லை.

தூளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995 இல் வகைப்படுத்தியது. ஒட்டுப்பலகையிலும் எம்.டி.எஃப்.பிலும் உள்ள பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே வகையில் சேர்ந்தது. ரம்பத்தைவிட ரூட்டர் நுண்ணிய தூளை எழுப்பும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துவிட்டு, அண்டை வீட்டார் புகாருக்கு அஞ்சிச் சன்னலை மூடி வேலை செய்யச் சொல்கிறோம். இணைப்பின் நன்மையாக நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஒற்றை உறிஞ்சுகுழாய் இங்கேதான் தன் மதிப்பைக் காட்ட வேண்டும். ஆனால் நம் வீட்டு மேசையில் உறிஞ்சுகுழாயே இல்லை. வாயில் கட்டிய கைக்குட்டைதான் இருக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மாணவர்களுக்கு: தகடு, மின்தடைக்குப் பின் தானே ஓடாத விசை, திசையம்பு வரைந்த இருமுகக் கட்டை, இவை மூன்றும் ஒரு பைக்குள் அடங்கி, எந்த ஒட்டுப்பலகையிலும் அரைமணி நேரத்தில் மாட்டக்கூடிய தொகுதி ஒன்றை வடிவமையுங்கள். வரைபடத்தைக் காப்புரிமைக்குள் பூட்டாமல் வெளியிடுங்கள். ஆசிரியர்களுக்கு: அதைத் திட்டப்பணியாக ஏற்று மதிப்பெண் இடுங்கள், தச்சர் ஒருவரை மதிப்பீட்டுக் குழுவில் அமர்த்துங்கள். வீட்டு உரிமையாளர்களாகிய நமக்கு: கூலியைச் சதுர அடிக்குப் பேசும்போதே, கசிவு மின்னோட்டத்தில் துண்டிக்கும் சுற்றுக்காப்பானோடு கூடிய இணைப்பும், தூள் உறிஞ்சியின் ஒருமாத வாடகையும் நம் செலவு என்று பேசி வைப்போம். அடுக்களை அலமாரியின் கைப்பிடிகளுக்கு நாம் கொடுக்கும் தொகையை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் இது பெரிதாகத் தோன்றாது.

நண்பருக்கு நான் சொன்ன விடையையும் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பைப் பொருத்துங்கள், பலகை இரண்டை ஒட்டி விறைப்பாக்குங்கள், ரூட்டரின் விசையை மேசையின் முன்விளிம்புக்குக் கொண்டு வாருங்கள், ரம்பம் ஓடும்போது உளியை மேசை மட்டத்திற்குக் கீழே இறக்கிவிடுங்கள், திசையம்பு இரண்டை மறவாமல் வரையுங்கள். அவர் வரைந்தார். வரைந்த மீதி வண்ணத்தை எடுத்துக்கொண்டு இருவரும் ஏழாம் தளத்திற்குப் போனோம். தச்சர் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. அம்புக்குறியைத் தமக்காக அவர் வரையவிடவில்லை. பக்கத்தில் நின்ற பத்தொன்பது வயதுப் பையனைக் காட்டி, "இவன் என் அக்கா மகன். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இவன் பக்கம் தெரிகிற மாதிரி போடுங்கள்" என்றார்.

அந்தப் பையனுக்குப் பத்து விரல்களும் முழுதாக இருந்தன.